குறைமாசக் குழந்தையோட நெத்தியில ஒட்டுற மூளை ஆக்சிஜன் சென்சார்: அந்த நம்பரை எப்படிப் புரிஞ்சுக்கறது?

கேள்வி இதுதான்: 26 வாரத்துல பொறந்த குழந்தை என்ஐசியூல, அதாவது பச்சிளங் குழந்தைகளோட தீவிர சிகிச்சைப் பிரிவுல இருக்கு, கால்ல கட்டியிருக்கிற ஆக்சிஜன் மானிட்டர் 93 காட்டுது, நெத்தியில ஒட்டியிருக்கிற இன்னொரு சென்சார் 67 காட்டுது, அப்போ மூளைக்கு ஆக்சிஜன் பத்தலையா, இந்த மிஷினால மூளை பாதிப்பைத் தடுக்க முடியுமா, இது இல்லாத ஆஸ்பத்திரியில பொறந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேட்டிருக்கீங்க.

பயத்தை முதல்ல இறக்கி வச்சிடுங்க. 67ங்கறது நல்ல நம்பர்தான். இந்த வயசுக் குழந்தைகளுக்கு மூளையில 55லேருந்து 85 வரைக்கும் இருந்தா சரின்னுதான் பொதுவா எடுத்துக்கறாங்க. கால்ல 93, தலையில 67ன்னு ரெண்டு மானிட்டர் பக்கத்து பக்கத்துல காட்டும்போது யாருக்கா இருந்தாலும் வயித்தைக் கலக்கத்தான் செய்யும், ஆனா ரெண்டும் ஒரே விஷயத்தை அளக்கவே இல்ல.

கால்ல இருக்கிறது பல்ஸ் ஆக்சிமீட்டர். அது துடிக்கிற ரத்தத்தை மட்டும் பிரிச்சு எடுத்து அளக்குது, அதாவது நுரையீரல்ல ஆக்சிஜன் ஏத்திக்கிட்டு இதயம் வழியா வந்த தமனி ரத்தம். எவ்வளவு சரக்கு ஏத்தி அனுப்பியாச்சுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும், போய்ச் சேர்ந்துச்சா, அங்க எவ்வளவு செலவாச்சுங்கறது அதோட கணக்குலயே வராது. நெத்தியில இருக்கிற சென்சார் துடிப்பைப் பார்க்கறதில்ல, தனக்குக் கீழ மூளையில இருக்கிற ரத்தம் மொத்தத்தையும் கலந்து பார்க்குது, தமனி, நுண்குழாய், சிரை எல்லாம் சேர்த்து. அதுல முக்கால்வாசி சிரை ரத்தம், அதாவது மூளை தனக்கு வேண்டிய ஆக்சிஜனை உறிஞ்சிக்கிட்டுத் திருப்பி அனுப்புற ரத்தம். உங்க குழந்தை நம்பரையே வச்சு தோராயமா போட்டுப் பாருங்க, உள்ள போறது 93, மூளை எடுத்துக்கிட்டது போக திரும்பி வர்றது ஒரு 58ன்னு வைங்க, கால் பங்கு 93ம் முக்கால் பங்கு 58ம் சேர்த்தா கிட்டத்தட்ட 67தான் வரும். அப்போ 67ன்னா மூளைக்கு வந்த ஆக்சிஜன்ல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல எடுத்துக்கிட்டு மீதியை அனுப்பிட்டிருக்குன்னு அர்த்தம். டாக்டருங்க சிரை ரத்தத்தைத் தனியா அளக்க முடியாததால, இந்தக் கலந்த நம்பரையே வச்சு தோராயமா ஒரு விகிதம் போடுவாங்க, 93லேருந்து 67ஐக் கழிச்சு திரும்ப 93ஆல வகுத்தா 28 சதவீதம். இந்த விகிதம் ஏறிக்கிட்டே போனா மூளைக்கு வர்ற ரத்தம் குறையுது, அதனால வர்றதுலேருந்து அதிகமா உறிஞ்சி சமாளிக்குதுன்னு சந்தேகப்படணும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னா, இருட்டுல டார்ச் லைட்டை உள்ளங்கைக்கு அடியில வச்சா கை சிவப்பா தெரியும்ல, சிவப்பு ஒளி சதைக்குள்ள ஊடுருவிப் போறதாலதான் அப்படி. சிவப்பையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குப் பக்கத்துல, சுமாரா 700லேருந்து 900 நானோமீட்டர் அலைநீளத்துல இருக்கிற ஒளி இன்னும் ஆழமாப் போகும். ஆக்சிஜன் ஏறின ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் இறங்கின ஹீமோகுளோபினும் இந்த ஒளியை வேற வேற அளவுல உறிஞ்சும், அந்த வித்தியாசத்தை வச்சு சதவீதம் கணக்குப் போடறாங்க. சென்சார்ல ஒரு பக்கம் ஒளி விடற இடம், கொஞ்சம் தள்ளி ஒண்ணுக்கு ரெண்டு ஒளி வாங்குற இடம் இருக்கும். கிட்ட இருக்கிறதுக்கு தோல், மண்டையோடு வழியா மேலாப்புல போன ஒளி வரும், தள்ளி இருக்கிறதுக்கு மூளை வரைக்கும் இறங்கி வளைஞ்சு வந்த ஒளி வரும், முன்னதைப் பின்னதுலேருந்து கழிச்சா மூளையோட பங்கு கிடைக்கும். குறைமாசக் குழந்தைக்கு மண்டையோடு ரொம்ப மெல்லிசுங்கறதால பெரியவங்களைவிட இவங்ககிட்ட இது நல்லாவே வேலை செய்யும். 1977ல டியூக் யுனிவர்சிட்டியில ஃபிரான்ஸ் யோப்சிஸ்ங்கற விஞ்ஞானி மண்டையைத் திறக்காம வெளியிலேருந்து ஒளியை வச்சே மூளையோட ஆக்சிஜனைப் பார்க்கலாம்னு எழுதினார், 80களோட நடுவுலயே பிறந்த குழந்தைகள்ல இதை வச்சுப் பார்க்க ஆரம்பிச்சிட்டாங்க. அதனால இது நேத்து வந்த டெக்னாலஜி இல்ல, நாப்பது வருஷத்துப் பழசு, வார்டுக்குள்ள பரவலா வர்றதுக்குத்தான் இவ்வளவு காலம் புடிச்சிருக்கு.

சரி, மூளைக்குன்னு ஏன் தனியா ஒரு மானிட்டர்? 24லேருந்து 32 வாரம் வரைக்கும் மூளைக்குள்ள, நீர் நிறைஞ்ச அறைகளோட ஓரத்துல ஒரு திசு இருக்கும், புது மூளை செல்கள் உற்பத்தியாகிற இடம். அங்க வேலை மும்முரமா நடக்கறதால ரத்தக்குழாயும் நிறைய இருக்கும், ஆனா அந்தக் குழாயோட சுவர் இன்னும் பலப்படல, தற்காலிகக் குழாய்ங்க மாதிரிதான், 34 வாரத்துக்குள்ள அந்தத் திசுவே பெரும்பாலும் சுருங்கி மறைஞ்சிடும். அம்மா வயித்துக்குள்ள இருந்திருந்தா அதுக்கு ஒரு தொந்தரவும் வந்திருக்காது. வெளிய வந்துட்டா ரத்த அழுத்தம் ஏறுது இறங்குது, சளி உறிஞ்சும்போது ஏறுது, அழும்போது ஏறுது, வென்டிலேட்டர் பிரஷரால மூளையிலேருந்து ரத்தம் திரும்பி வர்றது தடைபடுது. பெரியவங்க மூளை, ரத்த அழுத்தம் மேல கீழ போனாலும் தனக்கு வர்ற ரத்தத்தை ஒரே சீரா வச்சுக்கும், இந்தக் குழந்தைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் சரியா வரல, உடம்பு ரொம்ப மோசமா இருந்தா சுத்தமாவே இல்லாம போயிடும். முதல்ல ரத்தம் குறைவா போயி, அப்புறம் திடீர்னு வேகமா பாயும்போது அந்த மெல்லிசுக் குழாய் வெடிச்சு ரத்தம் கசியுது. இந்த ரத்தக்கசிவுல பாதிக்குக் கிட்ட முதல் நாள்லயே நடந்துடும், மிச்சத்துல பெரும்பகுதி முதல் 72 மணி நேரத்துக்குள்ள. சென்சாரை மூணு நாளைக்கு மட்டும் ஒட்டி வைக்கிற வழக்கம் வந்ததே இதனாலதான்.

கசிவை 1லேருந்து 4 வரைக்கும் கிரேடு போடுவாங்க, 1978லேருந்து இருக்கிற பழக்கம் இது. 1, 2ன்னு சொன்னா பெரும்பாலும் பெரிய அளவுல பயப்பட வேண்டியதில்ல, 3, 4தான் கவலைக்குரியது. இதைத் தவிர இன்னொரு வகை பாதிப்பும் இருக்கு, சத்தமே இல்லாம நடக்கறது, அறைகளைச் சுத்தி இருக்கிற வெண்பகுதிக்கு ரத்தம் பத்தாம போறது. நரம்புக்கு உறை போடப்போற செல்கள் இந்த வயசுல இன்னும் முதிராத நிலையில இருக்கும், ஆக்சிஜன் பத்தாக்குறையை அதுங்களால தாங்கவே முடியாது. காலுக்குப் போற நரம்பு இழைகள் அந்த அறைகளுக்கு ரொம்பப் பக்கத்துல போறதாலதான் இப்படிப் பாதிப்பு வந்த குழந்தைகளுக்குப் பின்னாடி கால்ல இறுக்கம் அதிகமா தெரியறது.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். கால்ல இருக்கிற மானிட்டர் 93னு ஆடாம அசையாம காட்டிக்கிட்டு இருக்கும்போதே மூளைக்குப் போற ரத்தம் பாதியாக் குறையலாம், அந்த மானிட்டருக்கு அது தெரியவே தெரியாது. எப்படின்னு ஒரு சூழ்நிலையைச் சொல்றேன், என்ஐசியூல வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் இதைப் பார்த்திருக்கேன்னுதான் சொல்லுவாங்க. 800 கிராம் குழந்தை, நுரையீரல் விரியல, வென்டிலேட்டர்ல போட்டு சர்ஃபாக்டன்ட் மருந்து குடுத்தாச்சு. மருந்து போன கொஞ்ச நேரத்துல நுரையீரல் இளகி நல்லா விரிய ஆரம்பிக்குது, எல்லாருக்கும் சந்தோஷம், ஆக்சிஜனைக் குறைச்சிட்டாங்க, கால்ல 93, 94ன்னு அழகா நிக்குது. ஆனா வென்டிலேட்டர் பிரஷர் பழைய அளவுலயே இருக்கு. கெட்டியா இருந்த நுரையீரலுக்கு வச்ச பிரஷர், இப்போ இளகின நுரையீரலுக்குள்ள ஒவ்வொரு மூச்சுலயும் தேவைக்கு மேல காத்தைத் தள்ளுது, கார்பன் டை ஆக்சைடு சரசரன்னு வெளிய போயிடுது. ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சா மூளை ரத்தக்குழாய் சுருங்கும், அது உடம்போட இயல்பு. நெத்தி சென்சார் 74ல இருந்தது 70, 66, 61ன்னு இறங்கிக்கிட்டே வருது, மத்த எல்லா நம்பரும் பச்சையாத்தான் இருக்கு. அப்போ ஒருத்தர் குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்து பிளட் கேஸ், அதாவது ரத்தத்துல இருக்கிற வாயு அளவைப் பார்க்கிற டெஸ்ட் போடறாங்க, கார்பன் டை ஆக்சைடு 28 வருது, 45 பக்கம் இருக்க வேண்டியது. வென்டிலேட்டர்ல ரெண்டு செட்டிங்கைக் குறைச்சா அரை மணி நேரத்துல தலை நம்பர் பழையபடி 70ஐத் தாண்டிடும். ஆக்சிஜனை ஒரு சொட்டு கூட ஏத்தல, கவனிங்க. நம்பர் குறையுதேன்னு அங்க ஆக்சிஜனை ஏத்தியிருந்தா, திரையில நம்பர் கொஞ்சம் நல்லாத் தெரிஞ்சிருக்கும், ரத்தக்குழாய் சுருங்கினபடியே இருந்திருக்கும், கண்ணு விழித்திரைக்கு வேற கெடுதல்.

அதனாலதான் இந்த மிஷினைப் பத்திப் பேசும்போது நான் திரும்பத் திரும்பச் சொல்றது ஒண்ணுதான், இது எதையும் குணப்படுத்துற மிஷின் இல்ல, "ஏதோ சரியில்ல, போய்ப் பாரு"ன்னு சொல்ற மிஷின். எது சரியில்லன்னு அது சொல்லாது. நம்பர் இறங்கினா காரணம் பலதா இருக்கலாம், முதல்ல சென்சாரே லேசா பிரிஞ்சிருக்கான்னு பார்க்கணும், நிறைய அலாரம் அங்கயே முடிஞ்சிடும். அடுத்து உடம்புல ஆக்சிஜன் உண்மையிலேயே இறங்கிருக்கா, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு, ரத்த அழுத்தம் எப்படி, இதயம் சரியா பம்ப் பண்ணுதா, ஹீமோகுளோபின் குறைஞ்சு ரத்தம் ஏத்த வேண்டிய நிலையா, வென்டிலேட்டர் பிரஷர் நெஞ்சுக்குள்ள அதிகமாகி ரத்தம் திரும்பறதைத் தடுக்குதா. இன்னொண்ணு, பிறந்தப்புறம் மூடியிருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாய் மூடாம இருந்தா, பிடிஏன்னு உங்ககிட்டயும் சொல்லியிருப்பாங்க, மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் நுரையீரல் பக்கம் திருடு போயிடும், அதுக்கு எக்கோ, அதாவது இதய ஸ்கேன் பண்ணிப் பார்க்கணும். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற வேற, ஒண்ணுக்குப் பண்றதை இன்னொண்ணுக்குப் பண்ணினா கெடுதல்.

அதிகமா இருந்தாலும் நல்லதுன்னு நினைச்சிடாதீங்க, இதுதான் பெத்தவங்க அடிக்கடி தப்பாப் புரிஞ்சுக்கற இடம். 90 காட்டுதுன்னா மூளைக்கு ஆக்சிஜன் ஏராளமாப் போகுதுன்னு ஒரு அர்த்தம் இருக்கலாம், அதுவே தேவையில்லாத அளவு, இல்லன்னா கார்பன் டை ஆக்சைடு ஏறி ரத்தம் அளவுக்கு மீறிப் பாயுதுன்னு இருக்கலாம், ரத்தத்துல சர்க்கரை இறங்கினாலும் மூளைக்கு ரத்த ஓட்டம் கூடும், இதெல்லாம் இல்லன்னா ஏற்கனவே பாதிக்கப்பட்ட மூளை ஆக்சிஜனைப் பயன்படுத்தவே இல்லங்கறதாவும் இருக்கலாம். மாசம் நிறைஞ்சு பொறந்து, பிரசவத்துல மூச்சுத் திணறின குழந்தைகள்ல ரெண்டாவது நாள் அந்த நம்பர் ரொம்ப உயரமா போயி அப்படியே நின்னா டாக்டர் முகத்துல சந்தோஷம் வராது.

இப்போ நீங்க கேட்ட பெரிய கேள்வி, இதை ஒட்டினா மூளை பாதிப்பைத் தடுக்க முடியுமா. இதுக்கு நேர்மையா பதில் சொல்லணும்னா ஆராய்ச்சி முடிவுகளைச் சொல்லித்தான் ஆகணும், அந்த முடிவு நிறைய பேருக்கு ஏமாத்தமா இருந்துச்சு. டென்மார்க்கோட கோபன்ஹேகன்லேருந்து ஒருங்கிணைச்ச சேஃப்பூஸ்க்ங்கற ஆய்வு வரிசை இது. இரண்டாம் கட்டத்தோட முடிவு 2015ல வந்துச்சு, ஐரோப்பாவுல எட்டு நாடுகள், 28 வாரத்துக்கு முன்னாடி பொறந்த 166 குழந்தைகள். எல்லாருக்கும் சென்சார் ஒட்டினாங்க, ஆனா பாதிப் பேருக்குத்தான் டாக்டர் நர்ஸ் கண்ணுக்கு நம்பர் தெரியும், மீதிப் பேருக்கு மறைச்சிட்டாங்க, மிஷின் சும்மா பதிவு மட்டும் பண்ணும். நம்பரைப் பார்த்து என்ன செய்யணும்னு ஒரு வழிகாட்டியும் குடுத்தாங்க. 55க்குக் கீழயோ 85க்கு மேலயோ எவ்வளவு தூரம் போச்சு, எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னு ரெண்டையும் பெருக்கி ஒரு சுமை கணக்கு, உதாரணமா 45ல ஒரு மணி நேரம் இருந்தா 10. அந்தச் சுமை நம்பர் தெரிஞ்ச பக்கம் 36, தெரியாத பக்கம் 81. பாதிக்கும் மேல குறைஞ்சிடுச்சு! அப்போ எல்லாரும் நிமிர்ந்து உக்கார்ந்தாங்க, ஏன்னா நம்பரைப் பார்த்து வைத்தியம் பண்ணினா அந்த நம்பரைச் சீரா வச்சுக்க முடியும்னு நிரூபணம் ஆயிடுச்சு.

நம்பர் சீரானா குழந்தை நல்லா இருக்குமாங்கறது வேற கேள்வி, அதைப் பார்க்க மூணாம் கட்டம், இது பெருசு, 17 நாடுகள், 70 ஆஸ்பத்திரி, 1601 குழந்தைங்க. பொறந்து ஆறு மணி நேரத்துக்குள்ள சென்சார் ஒட்டி 72 மணி நேரம் வரைக்கும் பார்த்து வைத்தியம் பண்றது ஒரு பக்கம், சென்சாரே இல்லாம வழக்கமான கவனிப்பு இன்னொரு பக்கம். 2023ல முடிவு வந்துச்சு. இறப்பு அல்லது கடுமையான மூளை பாதிப்பு, சென்சார் பக்கம் 35.2 சதவீதம், சென்சார் இல்லாத பக்கம் 34 சதவீதம். அதாவது வித்தியாசமே இல்ல. அதே வருஷம் ஆஸ்திரியாவோட கிராட்ஸ் நகரத்துலேருந்து நடத்தின இன்னொரு ஆய்வும் வந்துச்சு, அதுல பொறந்த உடனே பிரசவ அறையிலயே முதல் 15 நிமிஷம் மட்டும் மூளை ஆக்சிஜனைப் பார்த்து மூச்சு உதவி குடுத்தாங்க, 32 வாரத்துக்குள்ள பொறந்த 607 குழந்தைங்க. மூளை பாதிப்பு இல்லாம உயிர் பிழைச்சது 82.9 சதவீதம், வழக்கமான கவனிப்புல 78.5. நல்ல பக்கம் சாயுற மாதிரி இருக்கு, ஆனா தற்செயலா வந்திருக்க முடியாதுன்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு அந்த வித்தியாசம் பத்தல.

ஏன் இப்படி ஆச்சுன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க, எனக்குப் படறதைச் சொல்றேன். ஒண்ணு, கொஞ்சம் குழந்தைகளுக்குப் பாதிப்பு வயித்துக்குள்ளயே தொடங்கியிருக்கும், கிருமித் தொற்று, நஞ்சுக்கொடிக் கோளாறுன்னு, அதை நெத்தியில ஒட்டற சென்சார் எப்படித் தடுக்கும். அப்புறம் ஆறு மணி நேரங்கறதே சில குழந்தைகளுக்கு லேட், முதல் நாளோட முதல் பாதியிலயே கசிவு ஆரம்பிச்சிடுது. எனக்கு இதுல ரொம்ப முக்கியமாத் தோணறது என்னன்னா, அலாரம் அடிச்சா என்ன மருந்து குடுக்கிறோம்ங்கற இடம்தான். கார்பன் டை ஆக்சைடைச் சரி பண்றது சுலபம், கெடுதலும் கம்மி. ஆனா ரத்த அழுத்தம் குறைவுன்னு நினைச்சு சலைனை வேகமா ஏத்தறது, அழுத்தத்தைக் கூட்டற மருந்தைத் தொடங்கறது, இதெல்லாம் இந்த அளவு சின்னக் குழந்தைகளுக்கு நல்லது பண்ணுதுன்னு தனியா நிரூபணமே பலவீனமா இருக்கு, சில நேரம் அதுவே அழுத்தத்தைத் திடீர்னு ஏத்தி அந்த மெல்லிசுக் குழாய்க்கு ஆபத்தாகும். அளக்கிற கருவி எவ்வளவு நல்லதா இருந்தாலும், அதுக்கப்புறம் நம்ம கையில இருக்கிற வைத்தியம் எவ்வளவு நல்லதோ அவ்வளவுதான் பலன் வரும். அதே நேரம், இந்த ஆய்வு காட்டினது 28 வாரத்துக்குள்ள பொறந்த எல்லாருக்கும் வழக்கமா ஒட்டறதால பலன் இல்லங்கறதுதான், மேல சொன்ன சர்ஃபாக்டன்ட் குழந்தை மாதிரி ஒரு தனிக் குழந்தைக்கு அந்த நேரத்துல உதவவே உதவாதுன்னு இல்ல. பிடிஏ பெருசா இருக்கிற குழந்தை, ஆபரேஷனுக்குப் போற குழந்தை, ரத்த அழுத்தம் நிலையில்லாத குழந்தைன்னா நான் கட்டாயம் ஒட்டச் சொல்வேன். எல்லாருக்கும் கண்ணை மூடிக்கிட்டு ஒட்டணும்னு சொல்ல மாட்டேன்.

ஏன்னா ஒட்டறதுலயும் ஒரு விலை இருக்கு. 26 வாரத்துக் குழந்தையோட தோல் எப்படி இருக்கும்னு நீங்களே பார்த்திருப்பீங்க, ஈர டிஷ்யூ பேப்பர் கணக்கா, பிளாஸ்டரை அவசரமாப் பிரிச்சா தோலும் சேர்ந்து வந்துடும். அதனால பசை உள்ள சென்சாரை நேரா ஒட்டாம, அடியில மெல்லிசா ஒரு பாதுகாப்பு ஷீட் வச்சு, இல்லன்னா துணிப் பட்டையால லேசா கட்டி வைப்பாங்க, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்த்து சிவந்திருக்கா, பள்ளம் விழுந்திருக்கான்னு பார்த்து இடம் மாத்துவாங்க. உங்க குழந்தை நெத்தியில லேசா சதுரமா சிவப்பு தடம் தெரிஞ்சா அது சென்சார் பதிஞ்ச தடம்தான், பெரும்பாலும் மறைஞ்சிடும், ஆனா நீங்களா பார்த்தா நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சத்தமும் ஒரு விலைதான், ஏற்கனவே அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கிற வார்டுல இன்னொரு அலாரம்.

இன்னொரு விஷயம், பக்கத்து இன்குபேட்டர் குழந்தைக்கு 78 காட்டுதே நம்ம குழந்தைக்கு 67தானேன்னு தயவுசெஞ்சு ஒப்பிடாதீங்க. கம்பெனிக்குக் கம்பெனி கணக்குப் போடற முறை வேற. ஒரே கம்பெனி மிஷின்லயே பெரியவங்களுக்கான சென்சாரைப் போட்டா ஒரு நம்பர், குழந்தைக்கான சென்சாரைப் போட்டா கிட்டத்தட்ட 10 பாயிண்ட் கூடுதலா ஒரு நம்பர் வரும். மேல சொன்ன 55ங்கற கோடு பெரியவங்க சென்சாரை வச்சுப் போட்டது, குழந்தை சென்சார்ல அதே கோடு 65 பக்கத்துல நிக்கும். அதனால உங்க குழந்தைக்கு எந்த மிஷின், எந்த சென்சார், அதுல எதுக்குக் கீழ போனா அலாரம் வச்சிருக்காங்கன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க, 67ங்கறது கோட்டுக்குப் பக்கத்துலயா தள்ளியான்னு அப்போ தெளிவாத் தெரிஞ்சிடும். பொதுவா ஒத்தை நம்பரைவிட அது எந்தப் பக்கம் நகருதுங்கறதுதான் பேசும், ஒரு மணி நேரமா 67லயே இருக்கிறதும், 80லேருந்து 67க்கு வந்து நிக்கிறதும் ஒண்ணு இல்ல. டயப்பர் மாத்தும்போது, சளி உறிஞ்சும்போது கொஞ்ச நேரம் இறங்கி ஏறும், அதைப் பார்த்து பதற வேண்டாம்.

இந்த மிஷின் இல்லாத ஆஸ்பத்திரின்னா என்ன ஆகியிருக்கும்னு கேட்டீங்க. மேல சொன்ன பெரிய ஆய்வே அதுக்குப் பதில், அதுல பாதிக் குழந்தைங்க இந்த மிஷின் இல்லாமத்தான் பார்க்கப்பட்டாங்க, அவங்க மோசமாப் போகல. மூளையைக் காப்பாத்தறதுல இதைவிட ரொம்ப நல்லா நிரூபணம் ஆன விஷயங்கள் பிரசவத்துக்கு முன்னாடியே, பிரசவ அறையிலயே நடந்துடுது, அதுல எதுக்கும் பளபளன்னு ஸ்கிரீன் கிடையாது. குறைமாசத்துல வலி வந்தா அம்மாவுக்குப் போடற ஸ்டீராய்டு ஊசி, நுரையீரலுக்குத்தான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது மூளை ரத்தக்கசிவையும் குறைக்குது. மெக்னீசியம் சல்ஃபேட், அம்மாவுக்கு ஏத்தறது, பின்னாடி குழந்தைக்கு மூளை வாதம் வர்ற வாய்ப்பைக் குறைக்குது. தொப்புள்கொடியை உடனே கட் பண்ணாம ஒரு நிமிஷம் மாதிரி பொறுத்து கட் பண்றது. குழந்தை பொறந்தப்புறம் வண்டியில தூக்கிக்கிட்டு ஓடாம, முடிஞ்சா அம்மா வயித்துக்குள்ள இருக்கும்போதே என்ஐசியூ உள்ள இடத்துக்குப் போய்ச் சேர்றது. பொறந்தப்புறம் உடம்பு சூடு 36.5க்குக் கீழ இறங்காம பார்க்கறது, அந்த அளவுக்கு நிரூபணம் இல்லன்னாலும் பல இடத்துல வழக்கமா செய்யற மாதிரி முதல் மூணு நாள் தலையை நேரா நடுவுல வச்சுப் படுக்க வைக்கறது, சலைனை மெதுவா ஏத்தறது, தேவையில்லாம தொட்டுத் தொந்தரவு பண்ணாம இருக்கறது, கார்பன் டை ஆக்சைடை ரொம்ப ஏறவும் இறங்கவும் விடாம அடிக்கடி பார்த்துக்கறது. இதுல எத்தனை உங்க குழந்தைக்கு நடந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க, பெரும்பாலானது நடந்திருக்கும், உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

கால்ல ஏன் 100 வைக்காம 93லயே வச்சிருக்காங்கன்னு சில பேர் டாக்டர்கிட்ட சண்டை போடறதையும் பார்த்திருக்கேன். அது கஞ்சத்தனம் இல்ல. 85லேருந்து 89க்குள்ள வைக்கறதா, 91லேருந்து 95க்குள்ள வைக்கறதான்னு பல நாடுகள்ல ஆயிரக்கணக்கான குழந்தைகளை வச்சுப் பார்த்தாச்சு. கீழ வச்சா இறப்பு கூடுது, மேல வச்சா கண் விழித்திரை பாதிப்பு கூடுது, உயிர்தான் முக்கியம்னு இப்போ பெரும்பாலான இடத்துல 90லேருந்து 95 வரைக்கும் வைக்கறாங்க. அதுக்கும் மேல தூக்கினா கண்ணுக்குத்தான் ஆபத்து.

சென்சாரை 72 மணி நேரம் முடிஞ்சு எடுத்துட்டா ஏன் எடுத்தீங்கன்னு கலங்க வேண்டாம், ஆபத்தான நேரம் தாண்டிடுச்சுன்னுதான் எடுக்கறாங்க. அதுக்கப்புறம் உங்களுக்கு முக்கியமானது தலை ஸ்கேன், உச்சிக்குழி வழியா அல்ட்ராசவுண்ட் வச்சுப் பார்க்கறது, குழந்தையை நகர்த்தவே வேண்டாம், படுக்கையிலயே பண்ணிடுவாங்க. கசிவு இருந்தா முதல் வாரத்து ஸ்கேன்லயே தெரிஞ்சிடும். ஆனா அந்த வெண்பகுதி பாதிப்பு இருக்குல்ல, அதுல வர்ற சின்னச் சின்ன நீர்க்கட்டி உடனே தெரியாது, ரெண்டுலேருந்து நாலு வாரம் கழிச்சுத்தான் ஸ்கேன்ல வரும், அதனால முதல் ஸ்கேன் நார்மல்னு சொன்னதோட விட்டுடாம ஒரு மாசம் பக்கத்துல ஒண்ணு, டிஸ்சார்ஜ் ஆகறதுக்கு முன்னாடி ஒண்ணுன்னு எந்தெந்தத் தேதியில பண்ணப் போறாங்கன்னு இப்பவே கேட்டு எழுதி வச்சுக்கோங்க. வீட்டுக்குப் போனப்புறம் ரெண்டு வயசு வரைக்கும் வளர்ச்சி பார்க்கிற செக்கப் இருக்கும், குழந்தை நல்லா ஓடியாடினாலும் அதை விட்டுடாதீங்க, அங்க வயசைக் கணக்குப் போடும்போது பொறந்த தேதியிலேருந்து போடக்கூடாது, பிரசவத்துக்குக் குறிச்ச தேதியிலேருந்து போடணும், உங்க குழந்தைக்கு அது மூணு மாசத்துக்கு மேல வித்தியாசம் வரும்.